திங்கட்கிழமை வராத வீடு

எல்லா ஊருக்கும் வருவதுபோலக் கருத்தானூருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. மற்ற வீடுகளுக்கு வந்தது வந்த வழியே போய்விட, பி.டி. வாத்தியார் குற்றாலிங்கம் வீட்டுக்குள் நுழைந்தது மட்டும், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் இடம் பார்த்து உட்கார்ந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது, போகவேயில்லை.

தெருவில் திங்கள் வந்தது, பால்காரர் மணியடித்தார். செவ்வாய் வந்தது, "தக்காளி தக்காளி தக்காளியேய்" என்று மூக்கால் பாடிக்கொண்டு காய்கறி வண்டி போனது. புதனும் வியாழனும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. ஆனால் வாத்தியார் வீட்டு நடையைத் தாண்டி உள்ளே காலை வைத்தால் எப்போதும் விளக்குப் போடுவதற்குச் சற்று முந்தைய அந்த மங்கல் வெளிச்சம்தான், யார் வீட்டு டிவியிலோ படம் முடிந்து எழுத்து ஓடுகிற சத்தம்தான், மத்தியானம் வைத்த கறிக்குழம்பின் மிச்ச வாசனையும், இஸ்திரி போட்ட துணியின் சூடும், முடிக்காத வீட்டுப்பாடமும், 'நாளைக்கு' என்கிற சொல் அடிவயிற்றில் ஈரச் சாக்கு மாதிரிக் கிடக்கிற அந்தக் கனமும்தான்.

குற்றாலிங்கம் "அட்டேன்ஷன்" என்று ஒரு குரல் கொடுத்தால் மைதானத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, காம்பவுண்டுக்கு வெளியே சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறவரும் ஒரு கணம் விறைத்து, விழப்போய், பிறகு சுதாரித்துக்கொள்வார்; அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். ஒரு ஷூ முடிந்தது. இன்னொன்றை மடியில் எடுத்து வைத்தபோது, எறும்பளவுக்கு ஒரு கேள்வி ஏறி வந்து அவர் முழங்கையில் நின்றது. எதுக்கு? அவ்வளவுதான் கேட்டது. அவர் தட்டிவிடவில்லை, ஷூவை மடியில் வைத்தபடியே இருந்துவிட்டார். ஊர் பிறகு காரணம் தேடிப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் வையவில்லை, மகள் மதுரை ஹாஸ்டலில் நன்றாகத்தான் படிக்கிறாள், மனைவி செண்பகத்தோடு சண்டை கிடையாது, சர்க்கரைகூடக் கிடையாது. காரணம் அகப்படாததால், காரணமில்லை, ஆகவே கவலையுமில்லை என்று ஊர் முடிவுகட்டியது.

செண்பகம் மாவு அரைத்து விற்கிறவள். ஞாயிறு சாயங்காலம் அரைத்த மாவு திங்கள் காலையில் பொங்கி நிற்க வேண்டும். இந்த வீட்டிலோ திங்கள் வருவதே இல்லை என்பதால் மாவு அரைத்த கோலத்திலேயே, புளிப்பேறாமல், குமிழிவிடாமல், பச்சைப்பிள்ளை மாதிரிக் கிடந்தது. அவள் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கவில்லை. வாளிகளைத் தூக்கிப் பக்கத்து வீட்டுச் சமையலறையில் வைத்தாள், அங்கே திங்கட்கிழமை இருந்தது, மாவு பொங்கியது, காலையில் எடுத்துவந்து விற்றாள். மாவுக்கு வழி கண்டுபிடித்தாயிற்று. மனுசனைத்தான் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் போகிற இடத்துக்கெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையும் கூடவே போனது; வீட்டுக்குள் இருந்தால் வீட்டளவு, வெளியே இறங்கினால் அவர் விசில் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று, கேட்டைத் தாண்டியதும் காலை வெயில் மஞ்சளாகி மங்கியது. மணியடிக்கக் கையை ஓங்கிய பியூன் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார். கணக்கு வாத்தியார் சமக்குறி வரைக்கும் எழுதிவிட்டு, எதற்குச் சமம் என்று சொல்லாமலே குடையை எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் ஒரு கணம் நம்பாமல் நின்று, பிறகு அத்தனை பேரும் ஒரே தொண்டையாக "ஹோ" என்று கத்திய கத்தலில் மேற்குத்தொடர்ச்சி மலை கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. தலைமையாசிரியர் நெல்லைநாயகத்துக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஆகையினாலே' போட்டுத்தான் தொடங்க வரும். "ஆகையினாலே சார்வாள், நீங்க வந்தா பள்ளிக்கூடம் லீவாயிருது. ஆகையினாலே நீங்க லீவுல இருங்க. ஆகையினாலே பள்ளிக்கூடம் நடக்கும்" என்றார். பிள்ளைகள் விடுவார்களா? காலாண்டுப் பரீட்சை அன்று, கணக்குப் பேப்பருக்குச் சரியாக ஒரு கும்பல் வந்து நின்று, கோயில் சப்பரம் தூக்குகிற பவ்யத்தோடு, "சார், நீங்க இல்லாம ஸ்கூல் ஸ்கூலாவே இல்ல சார், ஒரு அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போங்க சார்" என்று கண்கலங்கியது. பழைய குற்றாலிங்கமாக இருந்தால் அந்தக் கண்ணீரின் கம்பெனி எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், காதைத் திருகியிருப்பார். இந்தக் குற்றாலிங்கம் எழுந்து போனார், கணக்குப் பரீட்சை ஞாயிற்றுக்கிழமையாகிப் போனது.

அதற்குப் பிறகு ஊர் அதை அப்படியே பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்தானே வியாபாரம் என்று பக்கீர் மைதீன் பாய் வாத்தியார் வீட்டுப் பின்கட்டில் கறிக்கடை போட்டார், "புதன்கிழமை கறி எடுப்பானா எவனாவது? உள்ள வாங்கவே, உள்ள ஞாயித்துக்கிழமை" என்று அவர் விளித்த விளியில் தெருவே திரும்பிப் பார்த்தது. பத்திரப் பதிவு ஆபீஸ் கிளார்க்குகள் மேலதிகாரி தேடும்போதெல்லாம் அங்கே வந்து செய்தித்தாளை முகத்தில் மூடிக்கொண்டு படுத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்த்து, "குடுத்து வச்சவரு சார்வாள் நீங்க, வாரம் பூரா ஞாயித்துக்கிழமை" என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். அவரும் சிரித்தார். உதடு அதுபாட்டுக்கு விரிந்தது, பழக்கதோசம்.

எல்லோரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. டவுன் பஸ் கண்டக்டர் உலகநாதனுக்கு வருசக்கணக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைத்ததில்லை. ஞாயிறன்றுதானே கல்யாணக் கூட்டம், அன்றைக்குத்தானே ரெட்டை டூட்டி. அவர் ஷிப்டு முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், வாத்தியாரின் காலடியில் துண்டை விரித்துப் படுத்து, தூக்கத்தில் "ரைட், போலாம், ரைட்" என்று முனகிக்கொண்டே தூங்கினார். குற்றாலிங்கம் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அவர் ஏங்கியது திங்கட்கிழமைக்கு. ஊரே சபிக்கிற, பிள்ளைகள் வயிற்றுவலி என்று பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிற, கிளார்க்குகள் அலாரத்தை அடித்து அணைக்கிற அந்தத் திங்கட்கிழமைக்கு. கோணலாக நிற்கிற வரிசைக்கும், பாதிக் கம்பத்தில் சிக்கிக்கொள்கிற கொடிக்கயிற்றுக்கும், கடவுள் வாழ்த்தில் தப்பும் தவறுமாக ஒரு கட்டை மேலே போய்விடுகிற எட்டாம் வகுப்புக்கும், முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கிறவனுக்கும், "லேய், எடுலே பந்தை" என்று கத்தித் தொண்டை கட்டிப்போவதற்கும், உச்சி வெயிலில் நனைந்த பனியன் முதுகில் ஒட்டுவதற்கும், ஏதாவது ஒன்று தொடங்குவதற்கும். அந்த வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது, எதுவும் தொடங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் திங்கட்கிழமை போவது தெரியும். பார்க்க முடியும், பேச முடியாது, கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரி எதிர்வரிசையில் நடந்துபோவது மாதிரி. அழுகை வந்தாலாவது நன்றாயிருக்கும் என்று நினைத்தார். அதுவும் வரவில்லை. கறி மண்ணாக இருந்தது, காபி சுடுதண்ணீராக இருந்தது, செண்பகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவள் எங்கேயோ தூரத்து ஊரில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது, அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது, மோர் கேட்கிற குரலில் சொன்னார்: "படுத்தா படுத்தபடியே, எந்திரிக்காமப் போயிட்டா நல்லாத்தான் இருக்கும், என்ன."

செண்பகம் கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். வையவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. "இப்படி எத்தனை நாளாத் தோணுது?" என்று கேட்டாள்.

"இந்த வீட்டுல நாள் ஏதுட்டி."

அவள் மோர்ச் செம்பை அவர் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "தாலுகா ஆஸ்பத்திரில திங்கக்கிழமை திங்கக்கிழமை மனசு டாக்டர் வாராவளாம். போவமா?"

"பைத்தியக்கார டாக்டரா?"

"பல்லு டாக்டர்ட்ட போனவனைப் பல்லுக்காரன்னா சொல்லுதாவ?"

"பி.டி. வாத்தியாருட்டி நான். ஊரு என்ன சொல்லும்? அங்க போய் உக்காந்து என்னன்னு சொல்லச் சொல்லுத? காய்ச்சலா, மண்டையடியா? எனக்கு ஞாயித்துக்கிழமை வந்துருக்குன்னா?"

"அதைத்தான் சொல்லணும்."

"ஆளுக்கு ஆள் கஷ்டம் இருக்கு. உலகநாதனைப் பாரு, நிக்க நேரமில்லாம ஓடுதான். நான் நாற்காலில உக்காந்து சோறு திங்கேன். எனக்கு என்ன நோக்காடு?"

செண்பகம் அதோடு விடவில்லை. ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் போவமா என்றாள், மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு போவமா என்றாள், இஞ்சி நசுக்கிக்கொண்டு போவமா என்றாள். பக்கத்து வீட்டில் மாவு வைக்கப் போனபோது ஒரு வார்த்தை வாய்தவறி அங்கே விழுந்துவிட, அந்த மாவு பொங்குவதற்கு முன்னால் சேதி ஊரெல்லாம் பொங்கிவிட்டது.

கூட்டம் வாத்தியார் வீட்டிலேயே கூடியது, அங்கேதானே எல்லோருக்கும் லீவு. "ஆகையினாலே," என்று தொடங்கினார் நெல்லைநாயகம், "டாக்டர் கீக்டர்னு போனா சர்வீஸ் புக்குல ஏறிரும் சார்வாள், ஆகையினாலே காலையில எந்திரிச்சு நாலு ரவுண்டு ஓடுங்க, எல்லாஞ் சரியாயிரும்" என்று ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறவருக்கே ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல வாத்தியாரய்யா, ஈரல் வாங்கிச் சாப்பிடுங்க, நல்ல ஈரலா நான் எடுத்துத் தாரேன்" என்றார் பாய், உண்மையான பாசத்தோடு. பின்னால் நின்ற பிள்ளைக் கும்பலில் ஒரு கீச்சுக்குரல், "சார், ஊசி போட்டா ஞாயித்துக்கிழமை செத்துருமா சார்?" என்று கேட்டது. அந்தக் கவலைதான் எல்லோர் மனசிலும் இருந்தது. பெரியவர்களுக்குக் கேட்க வெட்கம். வாத்தியார் போக வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று யாரோ சொல்ல, கைகள் ஏறின.

குற்றாலிங்கம் அந்தக் கைகளைப் பார்த்தார். நாற்காலியைவிட்டு எழுந்தார். "எனக்குத் திங்கக்கிழமை வேணும்" என்றார்.

வீடு சிரித்தது. பாய் "ஹெ ஹெ ஹெ" என்று வயிறு குலுங்கச் சிரித்தார், தலைமையாசிரியர் "க்ஹும் க்ஹும்" என்று பல் தெரியாமல் சிரித்தார், கிளார்க்குகள் செய்தித்தாளுக்குள்ளிருந்து சிரித்தார்கள், பிள்ளைகள் ஒருத்தன் முதுகில் ஒருத்தன் அறைந்துகொண்டு சிரித்தார்கள், திங்கட்கிழமை வேணுமாம்! உலகம் தோன்றிய நாளிலிருந்து எவனாவது கேட்டிருப்பானா? பி.டி. சாருக்கு எப்போதுமே குசும்பு ஜாஸ்தி.

உலகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டைவிட்டு எழுந்து உட்கார்ந்து, அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் வந்து படுக்கும்போதும் முழிச்சிருக்கீய, எந்திரிக்கும்போதும் முழிச்சிருக்கீய. நீங்க தூங்கி நான் ஒருநாளும் பாக்கலியே. எப்பத் தூங்குவீய?"

"ராத்திரி வந்தால்லா தூங்க" என்றார் குற்றாலிங்கம்.

சிரிப்பு ஒவ்வொரு ஆளாக நின்றது. தூக்கிய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல், சிலர் அந்தக் கையாலேயே சட்டைப்பையைத் தடவிக்கொண்டார்கள். உலகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "திங்கக்கிழமை என் வண்டில முன் சீட்டு ரெண்டு போட்டு வைக்கேன்க்கா" என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டுப் போனார். வாத்தியாரிடம் சொல்லவில்லை, வாத்தியார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸுக்குள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது, ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் மாமியார் வீட்டுக்குப் போகிற முகத்தோடு உட்கார்ந்து வந்தார்கள், அதெல்லாம் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் காலை வைத்ததும் நடந்ததுதான் மோசம். வராந்தாவில் வெளிச்சம் மங்கியது, சீட்டு கொடுக்கிறவர் கவுண்டரை இழுத்துச் சாத்தினார், "இன்னைக்கு ஓ.பி. கிடையாதுங்க, ஞாயித்துக்கிழமைல்லா, நாளைக்கு வாங்க" என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். மனசு டாக்டரின் கார் அவர்களைத் தாண்டிக்கொண்டுதான் வெளியே போனது. குற்றாலிங்கத்துக்கு உள்ளுக்குள் 'அப்பாடா' என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துத் திரும்பி வரும் வழியெல்லாம் வெட்கமாகவும் இருந்தது.

"பாத்தியா? நமக்கு விதிக்கலை" என்றார்.

"அடுத்த வாரம் வருவோம்."

"அடுத்த வாரமும் இதேதான் நடக்கும்."

"நடக்கட்டும்" என்றாள் செண்பகம்.

அடுத்த வாரமும் அதேதான் நடந்தது. வெளிச்சம் மங்கியது, கவுண்டரைச் சாத்தினார்கள், நோயாளிகள்கூட எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனார்கள். ஆனால் இந்தத் தடவை டாக்டரம்மா கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியிருந்தார். வராந்தாவில் எதிரே வந்துகொண்டிருந்தார், சின்ன வயசு, ஜலதோசம் பிடித்த மூக்கு, கையில் சாப்பாட்டுப் பை, பையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ரசம். செண்பகம் பேசியிருக்கலாம். வாய்வரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றாள். அவள் பேசினால் அது அவளுடைய திங்கட்கிழமையாகத்தான் இருக்கும். டாக்டரம்மா நெருங்கினார், எதிரே வந்தார், தாண்டியும் போனார். குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகிற குரல், மலையில் மோதித் திரும்பி வருகிற குரல், எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை, தண்ணீர் வற்றிய குழாயில் காற்று வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"டாக்டர். எனக்கு முடியல."

டாக்டரம்மா நின்றார். திரும்பி அவரைப் பார்த்தார், அவர் தலைக்கு மேலே நின்ற சாயங்காலத்தைப் பார்த்தார், ஒரு தும்மல் போட்டார். "ஞாயித்துக்கிழமையோடவே வந்துட்டீங்களா? சரி, உட்காருங்க" என்று வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து, ரசப் பையைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

அவர் சொன்னார். எறும்பளவு கேள்வியைச் சொன்னார், மண்ணாகிப்போன கறியைச் சொன்னார், பக்கத்தில் இருக்கிற செண்பகம் தூரத்து ஊராகிப் போனதைச் சொன்னார். சொல்லச் சொல்லச் செண்பகம் தூணோடு தூணாக நின்று கேட்டாள், பாதிக்கு மேல் அவளுக்கே தெரியாது. தூங்குறீங்களா, சாப்பிடுறீங்களா, முன்னால எது பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்த டாக்டரம்மா, சீனி போடலாமா என்று கேட்கிற அதே குரலில், "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்றும் கேட்டார். அவர் தலையாட்டினார். அடுத்து நிலம் பிளக்கும் என்று எதிர்பார்த்தார். டாக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதுக்குப் பேர் இருக்கு, மருந்து இருக்கு, பேசித் தீர்க்க வேண்டியதும் இருக்கு என்றார்; மாத்திரை கேட்க ரெண்டு மூணு வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது, திங்கட்கிழமைதோறும் வர வேண்டும், அந்த நினைப்பு பெரிசானால் மட்டும் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் எந்தக் கிழமையானாலும் உடனே வர வேண்டும் என்றார்.

"திங்கக்கிழமை திரும்பி வருமா டாக்டர்?"

"வரும். ஆனா நேரா வராது சார். முதல்ல ராத்திரி வரணும்."

பிறகு கொஞ்சநாள் ஒன்றுமே நடக்கவில்லை. மாத்திரை நாக்கை வறட்டியது, வாத்தியார் எரிச்சல்பட்டார், விட்டுவிடலாம் என்றார், செண்பகம் டம்ளரில் தண்ணீரோடு நின்றாள், விழுங்கினார். ஒவ்வொரு வாரமும் உலகநாதனின் முன் சீட்டில் போய், மூடிய கவுண்டரைத் தாண்டி, பெஞ்சில் டாக்டரம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். ஊர் பார்த்தது, கொஞ்சம் சிரித்தது, பிறகு சிரிக்க அலுத்துப்போனது, பாயின் சம்சாரம் ஒருநாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, "அந்த டாக்டரம்மா எங்க உக்காருவாவ?" என்று செண்பகத்தின் காதோடு கேட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் ஒருநாள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த குற்றாலிங்கத்துக்குச் சுவர்க் காலண்டர் சரியாகத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ஜன்னல் கம்பிகள் மறைந்தன, பின்கட்டு மறைந்தது, பாய் "என்னவே, கறி கண்ணுக்குத் தெரியமாட்டேங்கு" என்று கத்தியைக் கீழே வைத்தார், கிளார்க்குகள் தடவித் தடவிச் செருப்பைத் தேடினார்கள், தெருவில் தாய்மார்கள் "லேய், வீட்டுப்பாடம் எழுதலையா" என்று கூப்பிட, பிள்ளைகள் "அய்யோ" என்று மண்டையில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். வீடு காலியானது. இருட்டு மெல்ல, நிறைய, கூரையிலிருந்து தரைவரைக்கும் வந்து நின்றது. எங்கிருந்தோ ஒரு கொசு வந்து, காதோரம் ஒரு சுற்றுப் பாடிவிட்டு, அவர் கழுத்தில் உட்கார்ந்து கடித்தது.

பளாரென்று அடித்தார். வலித்தது. கொசு தப்பித்துவிட்டது.

"கொசு வந்துட்டா?" என்றாள் செண்பகம் சமையலறை இருட்டிலிருந்து, பக்கத்தில்தான், கை எட்டுகிற தூரத்தில். "இருங்க, கதவைச் சாத்துதேன்."

"சாத்தாதட்டி" என்றார் குற்றாலிங்கம், கழுத்தைச் சொறிந்துகொண்டே. "இருக்கட்டும். கொஞ்சநேரம் கடிக்கட்டும்."